அறையைக் கழித்தால் மிஞ்சுவது: வீட்டு ஸ்பீக்கரை மைக் வைத்து அளந்த வரலாறு

வீட்டில் ஸ்பீக்கர் செய்கிறவர்களுக்குப் பெட்டி ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. பிளைவுட் கிடைக்கிறது, ஆசாரி கிடைக்கிறார், வூஃபரும் ட்வீட்டரும் கடையிலேயே கிடைக்கின்றன. ஒட்டி, திருகி, ஒயர் இழுத்துப் பாட்டு போட்டால் ஏதோ ஒரு சத்தம் வரத்தான் செய்யும். அதற்கு அடுத்த கேள்விதான் சிக்கல். வருகிற சத்தம் சரியா?

காதைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும். மறுநாள் வேறொரு பாட்டைப் போட்டால் அதே காது "எங்கேயோ இடிக்குதே" என்று சொல்லும். எந்த அதிர்வெண்ணில் இடிக்கிறது, எத்தனை டெசிபல் இடிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. கிராஸ்ஓவரில் எந்தக் காயிலை மாற்றுவது என்பதற்கு அந்த எண்தான் வேண்டும். அதனால் மைக்.

செய்முறை கேட்பதற்கு எளிது. ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் முன்னால் மைக்கை வைத்து, 20 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு ஊளைச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு சத்தம் வந்தது என்று ஒரு கோடு வரையலாம். முதல்முறை இதைச் செய்துபார்க்கிறவர்களுக்கு அந்தக் கோடு அதிர்ச்சியாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பக்கவாட்டில் பார்ப்பது மாதிரி ஏறி இறங்கும். கம்பெனிகள் போடும் வழவழப்பான கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

அந்த மேடு பள்ளங்களில் பெரும்பகுதி ஸ்பீக்கருடையது அல்ல, அறையுடையது. ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும். ஸ்பீக்கரும் மைக்கும் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், 1 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நேராக வரும் ஒலி 1 மீட்டர் பயணம் செய்கிறது. தரையில் பட்டு எகிறி வரும் ஒலி சுமார் 2.24 மீட்டர் பயணம் செய்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் என்பதால், இரண்டாவது ஒலி 3.6 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். 139 ஹெர்ட்ஸில் இந்தத் தாமதம் சரியாக அரை அலை. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அங்கே ஒரு பள்ளம். 417 ஹெர்ட்ஸில் இன்னொரு பள்ளம், 695இல் இன்னொன்று. இது தரை மட்டும்தான். கூரை, நான்கு சுவர், பீரோ, மேஜை எல்லாம் தங்கள் பங்குக்கு இதே வேலையைச் செய்யும்.

மைக் கேட்பது ஸ்பீக்கரையும் அறையையும் சேர்த்துத்தான். ஸ்பீக்கர் அளவையின் வரலாற்றை அந்த அறையைக் கழிப்பதற்கு நடந்த முயற்சிகளின் வரலாறு என்றே சொல்லிவிடலாம். முதலில் இடத்தைக் கொண்டு கழித்தார்கள். அதற்குப் பெரிய பணம் வேண்டும். பிறகு நேரத்தைக் கொண்டு கழிக்கலாம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இன்று ஒரு மடிக்கணினி வைத்திருக்கிற எவரும் இதைச் செய்ய முடிகிறது. ஆனால் அந்த இரண்டாவது வழிக்கும் ஒரு விலை உண்டு. இணையத்தில் சுற்றும் பல வரைபடங்களில் அந்த விலை சொல்லப்படுவதில்லை.

அளவுகோலாகப் பிறந்த மைக்

ஒலியை அளக்கும் ஆசை ஸ்பீக்கரைவிடப் பழையது. 1882இல் ராலே பிரபு ஒரு கருவியை விவரித்தார். மெல்லிய இழையில் ஒரு குட்டித் தட்டைத் தொங்கவிட வேண்டும். ஒலி அலையில் காற்று முன்னும் பின்னும் அசையும்போது அந்தத் தட்டு ஓட்டத்துக்குக் குறுக்காகத் திரும்பப் பார்க்கும். எவ்வளவு திரும்பியது என்பதிலிருந்து காற்று அசையும் வேகத்தைக் கணக்கிடலாம். பின்னாளில் மைக்குகளைச் சரிபார்க்கவும் இந்த ராலே தட்டுதான் பயன்பட்டது. ஆனால் பக்கத்தில் யாராவது தும்மினால் கூட வேலை கெட்டுவிடும்.

அடுத்த பெரிய அடி 1917இல். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் இருந்த ஈ. சி. வென்ட், இறுக்கி இழுத்துக் கட்டிய உலோகச் சவ்வுக்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஒரு தகட்டை வைத்தார். சவ்வு அசைந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள கெப்பாசிட்டன்ஸ் மாறும், அதை மின்சாரமாக எடுத்துக்கொள்ளலாம். கண்டென்சர் மைக் என்று இன்று ஸ்டூடியோக்களில் சொல்வது இதைத்தான். அவருடைய கட்டுரைத் தலைப்பே ஒலிச்செறிவை அளப்பதற்கான கருவி என்றுதான் சொல்கிறது. பாட்டுப் பதிவுக்கு வந்தது பிற்பாடு. இந்த மைக் அளவுகோலாகத்தான் பிறந்தது.

அந்த அளவுகோலுக்கு வேலை கொடுக்க ஸ்பீக்கரும் சீக்கிரமே வந்தது. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் நீண்ட குழாய் இல்லாத புதுவகை ஸ்பீக்கரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். காகிதக் கூம்பு, அதன் அடியில் கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். இன்று நாம் கடையில் வாங்கும் வூஃபரின் கொள்ளுத்தாத்தா அதுதான். நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

இடத்தால் கழித்தவர்கள்

எதிரொலி வேண்டாம் என்றால் சுவரே இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். ஸ்பீக்கரை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் உயரத்தில் தூக்கி வைப்பது பழைய வழக்கம். காற்று, பறவை, லாரி எல்லாம் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அளக்க வேண்டும். 1954இல் அகஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கிய எட்கர் வில்ச்சர் வேறு ஒரு வழி பிடித்தார். பெட்டியைத் திறந்த வெளியில் குழி தோண்டிப் புதைத்தார், வூஃபர் வானத்தைப் பார்த்தபடி தரைமட்டத்துக்கு இருக்கும். தரையே பெட்டியின் முகமாகிவிட்டதால் அதிலிருந்து எகிறி வர எதிரொலி இல்லை. மேலே வானம்தான்.

பணம் இருந்தால் வானத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுவரலாம். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், ஹார்வர்டில் லியோ பெரனெக் அப்படி ஒரு அறையைக் கட்டினார். ஆறு பக்கமும் ஆப்பு வடிவக் கண்ணாடிநார்ப் பஞ்சு. நடப்பதற்குக் கூட தரை கிடையாது. எதிரொலியில்லா அறைகள் என்று இன்று சொல்வதெல்லாம் இந்த வழியில் வந்தவை.

இந்த அறைகளின் செலவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது முக்கியம். ஒரு பஞ்சு ஆப்பு ஒலியை விழுங்க வேண்டும் என்றால், அதன் நீளம் அலைநீளத்தில் கிட்டத்தட்ட கால்பங்காவது இருக்க வேண்டும். 70 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.9 மீட்டர், கால்பங்கு 1.2 மீட்டர். ஆறு பக்கமும் 1.2 மீட்டர் பஞ்சை அடைத்த பிறகும் உள்ளே ஆள் நடமாடவும் ஸ்பீக்கர் வைக்கவும் இடம் மிஞ்ச வேண்டும். 30 ஹெர்ட்ஸ் வரை போக ஆசைப்பட்டால் ஆப்பு 2.9 மீட்டர். ஒரு நடுத்தர வீடே உள்ளே காணாமல் போய்விடும்.

அதனால் பல பத்தாண்டுகளுக்குத் துல்லியமான கோடு என்பது பெரிய கம்பெனி, பல்கலைக்கழகம், வானொலி நிறுவனம் ஆகியவற்றின் சொத்தாகவே இருந்தது. இங்கிலாந்தில் வார்ஃப்டேல் கம்பெனியை நடத்திய கில்பர்ட் பிரிக்ஸ் 1948இலேயே ஸ்பீக்கர் பற்றிச் சாதாரண வாசகர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் செய்கிறவர்கள் அதைப் படித்தார்கள், செய்தார்கள். தீர்ப்பு சொல்லக் காது மட்டும்தான் இருந்தது. 1954இல் அதே பிரிக்ஸ் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடைக் கலைஞர்களையும் அவர்களுடைய பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். எடிசன் கம்பெனி 1915இலிருந்தே ஃபோனோகிராஃபை வைத்துச் செய்த வித்தையின் நவீன வடிவம் அது. கூட்டம் வந்தது, கைதட்டியது. ஆனால் கைதட்டலை வைத்து எந்தக் காயிலையும் மாற்ற முடியாது.

மைக் இல்லாமலே பாதி வழி

வீட்டுக்காரர்களுக்கு முதல் பெரிய விடுதலை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, அதுவும் மைக் இல்லாமல். 1961இல் நெவில் தீல் ஓட்டை வைத்த பெட்டிகளைப் பற்றி அங்கே உள்ள ரேடியோ பொறியாளர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெட்டியும் வூஃபரும் சேர்ந்தால் அது ஒரு ஹைபாஸ் ஃபில்டர். ஃபில்டர் என்றால் அதற்கு ஏற்கெனவே கணிதம் தயாராக இருக்கிறது, அதைப் பயன்படுத்துவோம் என்றார். பரவலான கவனம் வருவதற்குப் பத்து வருஷம் ஆனது. 1971இல் அமெரிக்க ஆடியோ பொறியாளர் சங்கத்தின் இதழ் அதை மறுபடி அச்சிட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972, 73இல் அதே இதழில் தொடர்ந்து எழுதி அதை முழுமையாக்கினார். தீல்–ஸ்மால் எண்கள் என்று இன்று ஒவ்வொரு வூஃபரோடும் வருவது இதுதான்.

இதன் அழகு என்னன்னா, வூஃபரின் குணத்தை அதன் இரண்டு ஒயர்களிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு ரெசிஸ்டர், ஒரு ஆசிலேட்டர், ஒரு ஏசி வோல்ட்மீட்டர் போதும். அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இம்பீடன்ஸ் உச்சத்துக்கு ஏறும். அதுதான் கூம்பின் இயல்பான அதிர்வெண். கூம்பின் எடையைக் கூட பிரிக்காமலே அறியலாம். கூம்பில் 10 கிராம் களிமண்ணை ஒட்டி மறுபடி அளக்கிறோம். 40 ஹெர்ட்ஸில் இருந்த உச்சம் 32க்கு இறங்கினால், 40/32 என்பதன் வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்து, அந்த 0.5625 ஆல் 10ஐ வகுக்கிறோம். அசையும் எடை 17.8 கிராம்.

அறை இதில் கிட்டத்தட்ட தலையிடுவதே இல்லை. பெட்டியின் அளவு, ஓட்டையின் நீளம் எல்லாம் கணக்கில் வந்துவிடும். ஆனால் இது பேஸ் பகுதிக்கு மட்டும்தான். வூஃபரும் ட்வீட்டரும் கைமாறும் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில், கூம்பு நெளிய ஆரம்பிக்கும் இடத்தில், பெட்டியின் விளிம்பில் ஒலி சிதறும் இடத்தில், மைக் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அங்கே அறை மறுபடி வந்து நிற்கிறது.

நேரத்தால் கழித்தவர்கள்

1967இல் ரிச்சர்ட் ஹெய்சர் என்பவர் ஆடியோ பொறியாளர் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்கு வேலை கலிஃபோர்னியாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில், அதாவது விண்கலங்களோடு. ஆடியோ ஆராய்ச்சிக்கென்று சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். இந்த வரலாற்றின் திருப்புமுனையை எழுதியவருக்கு ஆடியோ பிழைப்பு இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அவர் சொன்னது இதுதான். எதிரொலி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. ஊளைச் சத்தம் நொடிக்கு 10,000 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மில்லிசெகண்ட் தாமதமாக வரும் எதிரொலி, நேராக வரும் ஒலியைவிட 60 ஹெர்ட்ஸ் பின்தங்கியிருக்கும். மைக்குக்குப் பின்னால் ஒரு குறுகிய ஃபில்டரை வைத்து, அதுவும் அதே வேகத்தில், நேர் ஒலியின் பயண நேரத்துக்கு ஏற்ற பின்தங்கலோடு ஏறும்படி செய்தால்? நேர் ஒலி வரும்போது கதவு திறந்திருக்கும். எதிரொலி வந்து தட்டும்போது கதவு வேறு அதிர்வெண்ணுக்கு நகர்ந்து போயிருக்கும். சுவர் இருக்கிறது, எதிரொலியும் இருக்கிறது, ஆனால் கணக்கில் சேரவில்லை. பஞ்சு ஆப்பு செய்த வேலையைக் கடிகாரம் செய்துவிட்டது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1965இல், கூலியும் டுக்கியும் எஃப்எஃப்டி என்கிற விரைவு ஃபூரியே கணக்கை வெளியிட்டிருந்தார்கள். மென்பொருள் ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக: 4,096 புள்ளிகளைப் பழைய முறையில் கணக்கிட்டால் சுமார் 1.68 கோடிப் பெருக்கல்கள், புது முறையில் ஐம்பதாயிரத்தை ஒட்டி. கணினி மெதுவாக இருந்த காலத்தில் இது வாழ்வா சாவா வித்தியாசம். இங்கிலாந்தின் கெஃப் கம்பெனியில் லாரி ஃபின்சமும் அவர் குழுவும் 1970களில் ஹியூலெட்–பேக்கர்ட் கணினிக் கருவி ஒன்றை வாங்கி, ஸ்பீக்கருக்கு ஒரு மிகக் குறுகிய துடிப்பைக் கொடுத்து, மைக்கில் வருவதை எண்களாகச் சேமித்தார்கள். நேர் ஒலியின் துடிப்பு முதலில் வரும், எதிரொலித் துடிப்புகள் பின்னால் வரும். எதிரொலி ஆரம்பிக்கிற இடத்தில் எண்வரிசையை வெட்டிவிட்டு மீதிக்கு எஃப்எஃப்டி போட்டால் அறையில்லாத ஸ்பீக்கர். 1977இல் பெர்மனும் ஃபின்சமும் இதை விரிவாக எழுதினார்கள்.

துடிப்பில் ஒரு தொல்லை உண்டு. அது குறுகியது, அதனால் அதில் சக்தி குறைவு. பின்னணி இரைச்சலில் முங்கிவிடும். திரும்பத் திரும்பக் கொடுத்துச் சராசரி எடுக்க வேண்டும். இதற்குத் தீர்வும் விண்வெளிப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஹெய்சர் வேலை பார்த்த அதே ஆய்வகத்தில், சாலமன் கோலம்ப் 1950களில் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வரிசைகளை ஆராய்ந்தார். பார்க்க வெறும் இரைச்சல் மாதிரி இருக்கும் 0, 1 வரிசைகள். ஆனால் தன்னோடு ஒப்பிட்டால் ஒரே ஒரு இடத்தில்தான் பொருந்தும். 16 கட்ட ரெஜிஸ்டரிலிருந்து 65,535 எண்கள் கொண்ட வரிசை கிடைக்கும். இரைச்சலை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, மைக்கில் வந்ததை மூல வரிசையோடு ஒப்பிட்டால் அதே துடிப்பு வெளியே வந்துவிடும், சக்தியோடு. 1979இல் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் இதை அறை ஒலியியலுக்குக் கொண்டுவந்தார். 1987இல் டக்ளஸ் ரைஃப் மெல்லிசா என்று செல்லமாக அழைக்கப்பட்ட கருவியை வெளியிட்டார். சாதாரண பிசியில் செருகும் ஒரு கார்டும் மென்பொருளும்தான். அறை அளவுக் கருவி கார்டு அளவுக்கு இறங்கியது.

அதுவும் வீட்டுக்காரருக்கு விலை அதிகம்தான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'ஸ்பீக்கர் பில்டர்' இதழில் பில் வாஸ்லோ வடிவமைத்த இம்ப் என்ற கருவி வந்தது. நாமே சால்டர் வைத்துச் செய்துகொள்ளும் கிட். அதற்குப் பிறகு கணினியோடு சவுண்ட் கார்டு சேர்ந்தே வர ஆரம்பித்ததும் வன்பொருள் பிரச்சினை அநேகமாக முடிந்தது. 2000இல் பார்மா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலோ ஃபரினா பழைய ஊளைச் சத்தத்தையே புது முறையில் கொண்டுவந்தார். மடக்கை விகிதத்தில் ஏறும் ஸ்வீப். இதில் ஒரு அழகான விளைவு: ஸ்பீக்கரின் டிஸ்டார்ஷன், கணக்கு முடிந்த பிறகு, முக்கியத் துடிப்புக்கு முன்னால் தனித்தனியாக வந்து நிற்கும். ஒரே ஸ்வீப்பில் ஒலியளவும் டிஸ்டார்ஷனும் பிரிந்து கிடைக்கும். குரோஷியாவில் இவோ மாட்டெல்ஜான் எழுதிய ஆர்ட்டா, ஜான் மல்கேஹி இலவசமாகத் தரும் ரூம் ஈக்யூ விசார்ட் போன்றவை இந்த வழிகளை எல்லாருக்கும் கொண்டுவந்து சேர்த்தன.

சில ரூபாய் மைக்

கணினி இருந்தும் மைக் இல்லாவிட்டால் என்ன செய்ய? வென்ட்டின் மைக்குக்கு உயர் வோல்டேஜ் தேவை, விலையும் அதிகம். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மின்னூட்டத்தைத் தனக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் படலத்தை வைத்து மைக் செய்தார்கள். அதுதான் எலெக்ட்ரெட். டேப் ரெக்கார்டர், தொலைபேசி எல்லாவற்றுக்கும் போனதால் விலை தரைக்கு இறங்கியது. சென்னை ரிச்சி தெருவில் இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் பட்டன் அளவு மைக் அந்தக் குடும்பம்தான்.

சின்னதாக இருப்பதே இதன் பலம். பானசோனிக்கின் 6 மில்லிமீட்டர் கேப்ஸ்யூல் ஒன்று உலகம் முழுக்க ஸ்பீக்கர் செய்கிறவர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. மைக்கின் முகம் அலைநீளத்தைவிட ரொம்பச் சிறியதாக இருந்தால் அது ஒலியை அதிகம் குழப்பாது. 10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 34 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் அதற்குச் சிறியது. சத்தம் கூடினால் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் குட்டி டிரான்சிஸ்டர் திணறும் என்பதால், அதன் இணைப்பை மாற்றும் வழியை சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்டார். இவர் ஹியூலெட்–பேக்கர்டில் அளவைக் கருவிகள் செய்தவர். இன்றைய யூஎஸ்பி அளவை மைக்குகள் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு திருத்தக் கோப்போடு வருகின்றன. மைக்கின் குறையை மென்பொருள் கழித்துக்கொள்கிறது.

கொடுக்க வேண்டிய விலை

இப்போது அந்த விலைக்கு வருவோம். எதிரொலி வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டோம் சரி. வெட்டிய துண்டு எவ்வளவு நீளம்? 3 மீட்டர் உயர அறையில், தரைக்கும் கூரைக்கும் நட்டநடுவில், 1.5 மீட்டர் உயரத்தில் ஸ்பீக்கரையும் மைக்கையும் தூக்கி வைத்தாலும், முதல் எதிரொலி 6.3 மில்லிசெகண்டில் வந்துவிடும். அவ்வளவுதான் நம் கையில் இருக்கும் நேரம். 6.3 மில்லிசெகண்டில் ஒரு முழுச் சுற்றுக் கூட முடிக்காத அதிர்வெண்ணைப் பற்றி அந்தத் துண்டுக்கு ஒன்றுமே தெரியாது. 1ஐ 0.0063 ஆல் வகுத்தால் 159 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே தகவல் இல்லை. மேலேயும் 159 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில்தான் தகவல் இருக்கிறது. 1 மீட்டர் உயர ஸ்டாண்டில் வைத்து அளந்தால் எல்லை 278 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும்.

மென்பொருள் இதைச் சொல்லாது என்பதில்லை, ஆனால் கோட்டை 20 ஹெர்ட்ஸ் வரை வரைந்துவிடும். துண்டுக்குப் பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்து எஃப்எஃப்டி போட்டால் புள்ளிகள் நெருக்கமாக, வழவழப்பாக வரும். பார்க்க ரொம்ப நம்பிக்கையாக இருக்கும். அந்த வழவழப்பு ஸ்பீக்கரின் நல்ல குணம் இல்லை, தகவல் இல்லாமையின் அடையாளம். ஆப்பின் நீளமும் துண்டின் நீளமும் ஒரே அலைநீளத்துக்குத்தான் கட்டுப்படுகின்றன. பெரனெக் அதைப் பஞ்சாகக் கொடுத்தார், நாம் இடது பக்கக் கோட்டை விட்டுக்கொடுக்கிறோம்.

விட்டதைப் பிடிக்க வழி இருக்கிறது. 1974இல் டான் கீல் வெளியிட்ட வழி எளிமையின் உச்சம்: மைக்கை வூஃபர் கூம்பை ஒட்டிக்கொண்டு போய் வையுங்கள். அவ்வளவு பக்கத்தில் நேர் ஒலி மிகப் பலமாக இருக்கும், அறையின் பங்கு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கூம்பு ஆரத்தில் 0.11 பங்குக்குள் மைக் இருந்தால் பிழை 1 டெசிபலுக்குள் அடங்கும். ஆறரை அங்குல வூஃபரின் ஆரம் சுமார் 6.5 செ.மீ. என்றால், மைக் 7 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த முறை அந்த வூஃபருக்குச் சுமார் 840 ஹெர்ட்ஸ் வரை செல்லும். நேரத் துண்டு 159க்கு மேலே பேசுகிறது, ஒட்டிய மைக் 840க்குக் கீழே பேசுகிறது. நடுவில், 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில், இரண்டையும் ஒட்டலாம். பெட்டியின் முகம் ஒலியை முன்னால் தள்ளும் விளைவு ஒட்டிய மைக்குக்குத் தெரியாது, கீழேயிருந்து மேலே போகையில் 6 டெசிபல் வரை வரும் அந்த மாற்றத்தைக் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும். இன்னொரு வழியை 1982இல் மார்க் கேண்டர் எழுதினார். திறந்த மைதானத்தில் ஸ்பீக்கரையும் மைக்கையும் தரையிலேயே வைத்துவிட்டால் தரை எதிரொலிக்குத் தாமதமே இல்லை. வில்ச்சரின் குழிக்குப் பங்காளி முறை.

பதிவு செய்து அனுப்பலாமா?

"கோடெல்லாம் எதுக்கு, பாட்டு ஓடும்போது ஒரு மைக்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, கேட்டுப் பாக்கலாம்" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஆசைதான். ஆனால் இதுவரை பார்த்த எல்லாம் அங்கே மறுபடி நுழைந்துவிடுகிறது. பதிவில் ஸ்பீக்கரும் அறையும் மைக்கும் கலந்திருக்கும், பிரிக்க வழியில்லை. அதன் மேல் உங்கள் ஹெட்ஃபோனின் குணமும் ஏறும். நேரில் நம் இரண்டு காதுகளும் மூளையும் அறையை ஓரளவு ஒதுக்கிவிட்டுக் கேட்கின்றன. ஒற்றை மைக் எதையும் ஒதுக்காது. அதனால்தான் நேரில் நன்றாக இருக்கும் ஸ்பீக்கர் பதிவில் குளியலறைப் பாட்டாகிவிடுகிறது. ஸ்பீக்கரைப் பதிவை வைத்து மதிப்பிடுகிறோம், பதிவையோ வேறொரு ஸ்பீக்கரை வைத்து மதிப்பிடுகிறோம். ஃபிளாய்ட் டூல் இதைக் குழப்ப வட்டம் என்று அழைத்தார்.

பதிவுக்குப் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். மைக், இடம், ஒலியளவு எதையும் மாற்றாமல் கிராஸ்ஓவரில் ஒன்றை மட்டும் மாற்றி முன்னும் பின்னும் பதிவு செய்தால், அந்த வித்தியாசம் ஓரளவு உண்மையானது. இரண்டு வேறு வீட்டுப் பதிவுகளை ஒப்பிடுவதுதான் வீண்.

கோடு மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் டூல்தான் விடை தேடினார். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் எதிரொலியில்லா அறையில் அளந்த ஸ்பீக்கர்களையே திரைக்குப் பின்னால் வைத்து, எது என்று தெரியாமல் ஆட்களைக் கேட்கவைத்தார். 1985, 86இல் முடிவுகள் வெளிவந்தன. நேர் முன்னால் சமமான கோடும், பக்கவாட்டில் திரும்பும்போதும் அதே சாயலில் சீராக இறங்கும் கோடும் உள்ள ஸ்பீக்கர்களையே பெரும்பாலும் மக்கள் விரும்பினார்கள். காதும் மைக்கும் எதிரிகள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கவனியுங்கள், ஒரே ஒரு கோடு போதவில்லை. ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பி, 10, 20, 30 டிகிரி என்று அளந்தால்தான் கதை தெரியும். அதற்கும் வீட்டில் தேவைப்படுவது ஒரு சுழல் பலகையும் பொறுமையும்தான்.

அடுத்தமுறை யாராவது தன் வீட்டு ஸ்பீக்கரின் கோட்டைக் காட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெட்டிய துண்டு எத்தனை மில்லிசெகண்ட்? வழவழப்பாக்கும் வசதியை எவ்வளவு போட்டிருக்கிறார்? செங்குத்து அளவு 50 டெசிபலா, 150 டெசிபலா? 150 டெசிபல் அளவில் வரைந்தால் தார்ரோடு போடாத ஊர்ச்சாலை கூட சமமாகத் தெரியும். முதல் கேள்விக்கு அவர் 4 மில்லிசெகண்ட் என்று சொன்னால், கோட்டில் 250 ஹெர்ட்ஸுக்கு இடப்பக்கம் கையை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் தெரிவதை நம்பலாம்.